சத்தம் எங்கே போனது?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம் முடிந்து வெளியே வரும்போது ஒரு பெற்றோர் எங்களை மறித்துக் கேட்டார். "சேர், அந்தக் கண் தெரியாத புள்ள இப்ப ஆருட உதவியும் இல்லாம கொம்பியூட்டர் போடுறானாமே, என்ன மெஷின் வாங்கிக் குடுத்தீங்க?" மெஷின் ஒன்றும் வாங்கவில்லை என்றோம். அவர் நம்பவில்லை. யாரோ வெளிநாட்டிலிருந்து அனுப்பியிருக்க வேண்டும், நாங்கள் மறைக்கிறோம் என்று நினைத்திருப்பார் போல. அதனால்தான் இந்தப் பதிவு. நடந்ததை ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறோம், எங்கள் பிழையையும் சேர்த்து.

நாங்கள் என்றால் கணினி கூடத்தைப் பார்க்கும் இரண்டு ஆசிரியர்களும், உயர்தரத்தில் தொழில்நுட்பம் படிக்கும் ஒரு மாணவனும். பெயர்கள் வேண்டாம். பிள்ளையின் பெயரும் வேண்டாம். அவனும் அவனுடைய உம்மாவும் "எழுதுங்க சேர், நாலு பேருக்கு உதவும்" என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறோம்.

பிள்ளை தரம் 10. பிறவியிலேயே பார்வை இல்லை. கெட்டிக்காரன். போனில் பேசும் வசதியை வைத்துக்கொண்டு வட்ஸ்அப், யூடியூப் எல்லாம் எங்களை விட வேகமாகப் பாவிப்பான். ஆனால் இரண்டு பக்கக் கட்டுரையைப் போனில் எழுத முடியாது. பாடக் குறிப்புகளைக் கோப்புக் கோப்பாக வைத்துத் தேடி எடுக்கவும் முடியாது. அதற்குக் கீபோர்ட் உள்ள கணினி வேண்டும்.

பழைய மாணவர்கள் சிலர் தாங்கள் பாவித்த லெப்டொப்களைப் பாடசாலைக்குத் தந்திருந்தார்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. இந்தப் பழைய மெஷின்களில் விண்டோஸ் 11 ஏறாது. எறிவதா வைப்பதா என்று யோசித்து, கடைசியில் லினக்ஸ் மின்ட் 22 போட்டோம். காசு இல்லை, லைசன்ஸ் இல்லை, 4 ஜிபி நினைவகத்திலும் ஓடும். அதில் ஓர்கா என்று ஒரு திரைவாசிப்பான் இருக்கிறது. திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும், தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் சொல்லும். அதற்குக் குரல் கொடுப்பது ஈஸ்பீக் என்ற இன்னொரு இலவச மென்பொருள். அதற்குத் தமிழும் தெரியும். குரல் இயந்திரம் மாதிரித்தான் இருக்கும். முதல் நாள் கேட்டபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. பிள்ளை சிரிக்கவில்லை. இரண்டு நாளில் பழகி, மூன்றாம் நாள் வேகத்தைக் கூட்டச் சொன்னான். இப்போது அவன் கேட்கும் வேகத்தில் எங்களுக்கு ஒரு சொல்லும் பிடிபடாது.

வகுப்பில் மற்றப் பிள்ளைகள் இருக்கும்போது லெப்டொப் சத்தமாகப் பேசிக்கொண்டிருக்க முடியாது. அந்த லெப்டொப்பில் ஹெட்போன் குத்தும் துளையும் பழுது. கட்டாரில் வேலை செய்யும் அவனுடைய மாமா லீவில் வரும்போது ஒரு வயர் இல்லாத ஹெட்செட் கொண்டுவந்து கொடுத்தார். பிரச்சினை முடிந்தது என்று நினைத்தோம். உண்மையில் அங்கேதான் தொடங்கியது.

ஒவ்வொரு நாள் காலையும் ஏதாவது ஒன்று. சில நாள் ஹெட்செட் இணையவே இணையாது. சில நாள் இணைந்திருக்கும், ஆனால் சத்தம் லெப்டொப் ஸ்பீக்கரில் போகும். சில நாள் ஹெட்செட்டில்தான் வரும், ஆனால் கிணற்றுக்குள் இருந்து பேசுவது மாதிரி, பழைய லேண்ட்லைன் போனில் கேட்பது மாதிரி. அப்போதெல்லாம் அவன் கை தூக்குவான், இல்லாவிட்டால் பக்கத்துப் பிள்ளையை எங்களிடம் அனுப்புவான். நாங்கள் வந்து, மவுஸைப் பிடித்து, நாலு இடத்தில் கிளிக் பண்ணிச் சரிசெய்துவிட்டுப் போவோம். வேலை இருந்தால் "கொஞ்சம் இரி மகன், வாறம்" என்போம். அந்தக் கொஞ்சம் சில நாள் அரைப் பாடவேளை.

இங்கே ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். நமக்குச் சத்தம் வராவிட்டால் திரையைப் பார்த்துச் சரிசெய்யலாம். அவனுக்குச் சத்தம்தான் திரை. சத்தம் போனால் திரையும் போய்விட்டது. எதைச் சரிசெய்ய வேண்டுமோ அதைச் சரிசெய்வதற்கான வழியும் அதே சத்தத்துக்குள்தான் இருக்கிறது. பூட்டிய பெட்டிக்குள் சாவி இருப்பது போல.

இது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் அதை ஒரு சின்னத் தொல்லையாகத்தான் நினைத்திருந்தோம்.

தவணைப் பரீட்சை வந்தது. தமிழ்ப் பாடத்தின் கட்டுரைப் பகுதியை அவன் லெப்டொப்பில் எழுதலாம் என்று அதிபரிடம் அனுமதி வாங்கியிருந்தோம். அன்றைக்கு எங்கள் இருவருக்கும் வெளியே ஒரு செயலமர்வு. காலையில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போனோம். பரீட்சைக்கு முன்பு யாரோ லெப்டொப்பை ஓஃப் பண்ணி ஒன் பண்ணியிருக்கிறார்கள்.

இரண்டு நாள் கழித்துப் புள்ளிப் பட்டியலைப் பார்த்தோம். அவனுடைய கட்டுரைக்கு நேரே பூச்சியம். கோப்பைத் திறந்து பார்த்தோம். ஓர் எழுத்துக்கூட இல்லை. அவனைக் கூப்பிட்டு, "ஏன் மகன் டீச்சர்ட சொல்லல்ல?" என்று கேட்டோம். கோபமாகத்தான் கேட்டோம், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"சொன்னன் சேர். டீச்சர் வந்து பாத்தா. ஹெட்செட்ல நீல லைட் எரியுது, சரியாத்தானே இரிக்கி எண்டு சொல்லிப் போட்டுப் போயிட்டா. மறுகா நான் சும்மா இருந்தன்."

டீச்சரிலும் பிழை இல்லை. கண் உள்ளவருக்கு லைட் எரிந்தால் வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம். பிள்ளையிலும் பிழை இல்லை. ஒரு பரீட்சை மண்டபத்தில் எத்தனை தடவை எழும்பிச் சொல்வது? பிழை எங்களில். ஒவ்வொரு நாளும் நாங்கள் வந்து சரிசெய்தோமே தவிர, நாங்கள் வராத நாளில் அவன் என்ன செய்வான் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. அந்தப் பகுதியை மறுபடி எழுத அதிபர் அனுமதி தந்தார், எழுதினான், நல்ல புள்ளி எடுத்தான். ஆனால் அந்த 40 நிமிடம் அவன் வெறும் கீபோர்ட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது எங்களுக்கு இன்னும் உறுத்துகிறது.

அன்று பின்னேரம் மூன்று பேரும் கணினி கூடத்தில் இருந்தோம். எல்லா ஆசிரியர்களுக்கும் இதைச் சரிசெய்யப் பழக்குவோமா என்றுதான் முதலில் யோசித்தோம். பிறகு விட்டுவிட்டோம். ஆளைப் பழக்கினால் அவன் மறுபடியும் ஓர் ஆளை எதிர்பார்த்துத்தான் இருக்க வேண்டும். ஆளே தேவைப்படாமல் செய்ய வேண்டும்.

முதலில் நோய் என்ன என்று பார்த்தோம். மூன்று நோய்.

முதலாவது. ஹெட்செட்டை ஒன் பண்ணினால் அது தனக்குத் தெரிந்த சாதனங்களைக் கொஞ்ச நேரம் தேடும். அவன் பையில் இருந்து எடுத்தவுடன் ஹெட்செட்டை ஒன் பண்ணிவிடுவான். அப்போது லெப்டொப் இன்னும் எழும்பியிருக்காது. ஹெட்செட் தேடித் தேடிக் களைத்து நின்றுவிடும். பிறகு லெப்டொப் எழும்பும், ஆனால் அதுவாக ஹெட்செட்டைக் கூப்பிடாது. இரண்டும் ஒன்றையொன்று எதிர்பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும்.

இரண்டாவது. இணைவது வேறு, சத்தம் அந்த வழியால் போவது வேறு. இணைப்பைப் பார்ப்பது புளூசெட் என்ற பகுதி. சத்தத்தை எந்த வழியால் அனுப்புவது என்று முடிவுசெய்வது பைப்வயர் என்ற இன்னொரு பகுதி. வீட்டுக்குக் கரண்ட் வந்தாலும் எந்தச் சுவிட்ச் போட்டிருக்கிறதோ அந்த லைட்தானே எரியும், அது போல. நீல லைட் சொல்வது இணைப்பை மட்டும்தான்.

மூன்றாவது. புளூடூத் ஹெட்செட்டுக்கு இரண்டு முறைகள் இருக்கின்றன. ஒன்று பாட்டுக் கேட்கும் முறை, அதன் பெயர் ஏ2டிபி. நல்ல தெளிவான ஸ்டீரியோ சத்தம், ஆனால் ஒரு வழிப் பாதை, மைக் வேலை செய்யாது. மற்றது போன் பேசும் முறை, எச்எஃப்பி. மைக் வேலை செய்யும், ஆனால் சத்தம் ஒரு காதுத் தரத்துக்கு இறங்கிவிடும். ஏதாவது ஒரு மென்பொருள் மைக்கைத் திறந்தால் கணினி தானாகவே போன் முறைக்கு மாறிவிடும். கிணற்றுச் சத்தத்துக்குக் காரணம் அதுதான்.

மூன்றுக்கும் தீர்வு லினக்ஸில் கட்டளைகளாக ஏற்கெனவே இருக்கிறது. புளூடூத் சிடிஎல் என்ற கட்டளையால் ஹெட்செட்டைக் கூப்பிடலாம். பிஏ சிடிஎல் என்ற கட்டளையால் சத்தத்தின் வழியை மாற்றலாம், முறையையும் மாற்றலாம். நாங்கள் மவுஸால் செய்த அதே நாலு கிளிக்கையும் நாலு வரியாக எழுதலாம். அந்த வரிகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைத்தால் அதுதான் ஸ்கிரிப்ட். கலியாண வீட்டுச் சமையலுக்குச் சாமான் பட்டியல் எழுதிக் கொடுப்பது மாதிரி. ஒருமுறை எழுதினால் போதும், யார் கையில் கொடுத்தாலும் அதே வரிசையில் நடக்கும்.

ஆனால் முதல் ஸ்கிரிப்ட் தோற்றது. ஏன் என்று சொல்கிறோம், யாராவது செய்து பார்ப்பதென்றால் உதவும்.

ஹெட்செட்டைக் கூப்பிடு, ஐந்து விநாடி பொறு, சத்தத்தை மாற்று என்று எழுதியிருந்தோம். சில நாள் மூன்று விநாடியில் வந்துவிடும். சில நாள் எட்டு விநாடி எடுக்கும். எட்டு விநாடி எடுத்த நாளெல்லாம் ஸ்கிரிப்ட் இல்லாத இடத்துக்குச் சத்தத்தை அனுப்பப் பார்த்துத் தோற்றது. அதோடு, ஒவ்வொரு ஒலிச் சாதனத்துக்கும் பைப்வயர் ஓர் இலக்கம் கொடுக்கிறது. நாங்கள் அந்த இலக்கத்தை அப்படியே எழுதி வைத்திருந்தோம். லெப்டொப்பை ஓஃப் பண்ணி ஒன் பண்ணினால் அந்த இலக்கம் மாறிவிடும். நேற்று 52ஆக இருந்தது இன்று 61.

இரண்டாவது தடவை இலக்கத்தை விட்டுப் பெயரைப் பிடித்தோம். ஒவ்வொரு புளூடூத் சாதனத்துக்கும் 12 எழுத்துக்களில் ஒரு முகவரி உண்டு, அது மாறாது. ஹெட்செட்டின் ஒலிப்பாதையின் பெயரில் அந்த முகவரி இருக்கும். ஐந்து விநாடி என்று கண்ணை மூடிக்கொண்டு பொறுக்காமல், ஒவ்வொரு விநாடியும் "வந்துவிட்டதா" என்று பார்க்கச் சொன்னோம். வந்தால் உடனே அடுத்த வேலை. 15 விநாடியாகியும் வராவிட்டால் நிறுத்தி, காரணத்தைச் சொல்ல வேண்டும்.

வேலை செய்தது. பத்துத் தடவை ஓஃப் பண்ணி ஒன் பண்ணிப் பார்த்தோம், பத்துத் தடவையும் சரி. சந்தோஷமாகப் பிள்ளையைக் கூப்பிட்டோம். அவன் வேண்டுமென்றே ஹெட்செட்டை ஓஃப் பண்ணி வைத்துக்கொண்டு லெப்டொப்பைப் போட்டான். 15 விநாடி போனது. ஒரு சத்தமும் இல்லை.

"என்ன சேர் நடந்திச்சு?" என்று கேட்டான்.

எங்களுடைய உயர்தர மாணவன் திரையைப் பார்த்து வாசித்தான். "ஹெட்செட் கிடைக்கவில்லை, தயவுசெய்து சரிபார்க்கவும் எண்டு எழுதியிரிக்கி."

எங்கே எழுதியிருக்கிறது? திரையில். அழகான தமிழில், பெரிய எழுத்தில், கண் தெரியாத பிள்ளைக்கு.

பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தான். நாங்களும் சிரித்தோம், ஆனால் முகம் சுருங்கிவிட்டது. மூன்று பேர் இரண்டு கிழமை இருந்து யோசித்து எழுதியது. அவனுக்காகவே எழுதியது. அப்படியும் கண்ணால்தான் யோசித்திருக்கிறோம்.

அதன் பிறகு ஒவ்வொரு வரியையும் அவனிடம் கேட்டுத்தான் எழுதினோம். அவன் சொன்ன முதல் விடயம் இது: "சேர், சத்தம் வரல்ல எண்டா எனக்கு நாலு அர்த்தம் இரிக்கி. லெப்டொப் இன்னும் எழும்பல்ல. எழும்பி ஹெட்செட்டத் தேடுது. தேடிக் கிடைக்கல்ல. இல்லாட்டி சத்தம் வேற எங்கயோ போகுது. எது எண்டு எனக்குத் தெரியணும்." நமக்கு அமைதி என்றால் ஒரே அமைதிதான். அவனுக்கு நாலு வகை.

அதனால் ஸ்கிரிப்டைத் தலைகீழாக்கினோம். லெப்டொப் எழும்பியவுடன் முதல் வேலை, சத்தத்தை லெப்டொப்பின் சொந்த ஸ்பீக்கருக்குக் கொண்டுவருவது. அது எப்போதும் இருக்கும் இடம். அங்கே மெதுவாக ஒரு குரல், "தேடுறன்" என்று சொல்லும். ஹெட்செட் கிடைத்தால் பாட்டு முறைக்கு மாற்றி, சத்தத்தை அங்கே அனுப்பி, ஹெட்செட்டுக்குள்ளேயே "வந்திட்டன்" என்று சொல்லும். கிடைக்காவிட்டால் ஸ்பீக்கரிலேயே இருந்துகொண்டு, "ஹெட்செட் ஓஃப்ல இரிக்கி போல, பட்டன அமத்திப் போட்டு மறுகா கூப்பிடு" என்று சொல்லும்.

அந்தக் குரல் யாருடையது என்று நினைக்கிறீர்கள்? அவனுடையதுதான். இயந்திரக் குரலில் போடுவோம் என்றோம். "ஓர்கா பேசுறதும் ஸ்கிரிப்ட் பேசுறதும் ஒரே குரல் எண்டா எனக்குக் குழம்பும் சேர், நானே பேசித் தாறன்" என்றான். போனில் ஐந்து வசனம் பதிவுசெய்து தந்தான். அதைக் கேட்டால் தன்னைத் தானே அதட்டுவது மாதிரி இருக்கும்.

"மறுகா கூப்பிடு" என்றால் எப்படிக் கூப்பிடுவது? அதற்கு ஒரு குறுக்குவிசை வைத்தோம். கண்ட்ரோல், ஆல்ட், எச். கீபோர்ட்டில் ஜே எழுத்தில் விரலுக்குத் தட்டுப்படும் ஒரு சின்ன மேடு இருக்கும், உங்களுடைய கீபோர்ட்டிலும் தடவிப் பாருங்கள். அதற்கு இடப்பக்கம் ஒட்டியிருப்பது எச். ஒரு சத்தமும் இல்லாத நேரத்திலும் விரலால் கண்டுபிடிக்கலாம். பாடத்துக்கு நடுவில் ஹெட்செட் அறுந்தாலும் அந்த மூன்று விசையை அமத்தினால் ஸ்கிரிப்ட் முதலிலிருந்து ஓடும்.

இன்னும் மூன்று விடயங்களை அவன் கண்டுபிடித்தான். மூன்றும் எங்களுக்குத் தோன்றவே தோன்றாதவை.

ஒன்று, முதல் எழுத்து விழுங்கப்படுவது. கொஞ்ச நேரம் சத்தம் இல்லாவிட்டால் பைப்வயர் அந்த ஒலிப்பாதையை உறங்க வைத்துவிடும். மறுபடி சத்தம் வரும்போது எழும்பச் சற்று நேரம் எடுக்கும். பாட்டுக் கேட்பவருக்கு அது தெரியாது. ஆனால் அவன் யோசித்து யோசித்து ஓர் எழுத்தைத் தட்டும்போது அந்த எழுத்தே கேட்காது. தான் தட்டவில்லை என்று நினைத்து மறுபடி தட்டுவான். அவனுடைய கட்டுரைகளில் எழுத்துக்கள் இரட்டித்து வந்ததற்கு நாங்கள் எத்தனை நாள் "கவனமா எழுது" என்று சொல்லியிருப்போம்! காரணம் இதுதான். உறங்க வேண்டாம் என்று அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதினோம். இரட்டை எழுத்துக்கள் நின்றுவிட்டன.

இரண்டு, சத்தத்தின் அளவு. ஒரு நாள் யாரோ பாட்டுப் போட்டு நூறு வீதத்தில் வைத்துவிட்டுப் போக, மறுநாள் காலை அவன் காதில் இடி விழுந்தது. இப்போது ஸ்கிரிப்ட் ஒவ்வொரு தடவையும் அளவை 40 வீதத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் பேசத் தொடங்கும்.

மூன்று, போன் முறைக்குத் தானாக மாறுவதை முழுதாக நிறுத்தச் சொன்னான். "எனக்கு மைக் தேவையில்ல சேர், நான் எழுதத்தானே போறன்." அதற்கும் ஒரு வரிதான்.

தீராத பிரச்சினையும் இருக்கிறது. வயர் இல்லாத ஹெட்செட்டில் சத்தம் கொஞ்சம் பிந்தித்தான் வரும். எழுத்தைத் தட்டியதற்கும் அது காதில் கேட்பதற்கும் இடையில் ஒரு சின்ன இடைவெளி. பழகிவிட்டது என்கிறான். ஆனால் வீட்டில் எழுதும்போது ஸ்பீக்கரில்தான் எழுதுகிறான், வேகமாக வருகிறது என்று. பின்னொரு நாள் யுஎஸ்பியில் குத்தும் வயர் ஹெட்செட் ஒன்று கிடைத்தால் அதையும் பார்ப்போம் இன்ஷா அல்லாஹ்.

மொத்தம் அறுபது வரிக்குக் கிட்ட. அதில் இருபது வரிதான் ஹெட்செட்டை இணைக்கிறது. மிச்சமெல்லாம் இணையாவிட்டால் என்ன செய்வது, அதை எப்படிச் சொல்வது என்பதுதான். அந்த லெப்டொப்பை வேறு யாரும் பாவிப்பதில்லை என்பதால் கடவுச்சொல் கேட்காமல் நேரே திறக்கும்படியும், திறந்தவுடன் ஸ்கிரிப்ட் தானாக ஓடும்படியும் வைத்திருக்கிறோம்.

அடுத்த தவணைப் பரீட்சை வந்தது. இந்தமுறை எங்களுக்கு எங்கேயும் செயலமர்வு இல்லை. இருந்தும் மண்டபத்துக்குள் போகவில்லை. வராந்தாவில் நின்றோம். லெப்டொப்பைப் போட்டான். "தேடுறன்" என்று அவனுடைய குரலே மெதுவாகக் கேட்டது. முன் வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அமைதி. உள்ளே போய்ப் பார்ப்போமா என்று கால் எழும்பியது. அடக்கிக்கொண்டோம்.

போனமுறை மேற்பார்வைக்கு நின்ற அதே டீச்சர்தான். கிட்டப் போய்க் குனிந்து கேட்டா, "சரியா மகன்? லைட் எரியுது."

"லைட் எரியிறது எனக்குத் தெரியா டீச்சர். சத்தம் வருது."

சொல்லிவிட்டு எழுதத் தொடங்கினான். நாங்கள் திரும்பி வந்துவிட்டோம்.

இனி, ஊராரிடமும் சக ஆசிரியர்களிடமும் மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது, தமிழில் தட்டச்சுச் செய்யும் எல்லோரிடமும். தயவுசெய்து யுனிகோட் எழுத்துருவில் அடியுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த வினாத்தாள் நமது கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். ஆனால் கணினிக்கு அது ஆங்கில எழுத்துக் குப்பை. "அம்மா" என்று அடித்தால் உள்ளே இருப்பது "மான் கறுப்பு" என்ற தமிழ்ச் சொல்லும் இல்லை, வேறு எந்தச் சொல்லும் இல்லை, தொடர்பில்லாத ரோமன் எழுத்துக்கள். ஓர்கா அதை அப்படியே ஒவ்வொன்றாக வாசிக்கும். பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது. பாடக் குறிப்பைப் போட்டோ பிடித்து வட்ஸ்அப் குழுவில் போடுவதும் அப்படித்தான், படத்துக்குள் இருக்கும் எழுத்து அவனுக்கு இல்லை. ஹெட்செட்டைச் சரிசெய்வதற்கு எங்களுக்குப் பல கிழமை போனது. இதற்கு அவ்வளவு வேண்டாம், யுனிகோட் முறையில் அடித்தால் சரி.

இரண்டாவது, வீட்டில் பழைய லெப்டொப் இருந்தால் எறியாதீர்கள், பழைய இரும்புக்காரருக்கும் கொடுக்காதீர்கள். பத்து வருடப் பழசானாலும் பரவாயில்லை. பற்றரி செத்திருந்தாலும் பரவாயில்லை. கொண்டுவந்து தாருங்கள், எங்களால் ஆனதைச் செய்கிறோம்.

மூன்றாவது, இப்படியான ஒரு பிள்ளை உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால் சொல்லுங்கள். பெரிய பிள்ளையானாலும் சரி, முதியவரானாலும் சரி. எங்களுடைய ஸ்கிரிப்டை வேண்டியவர்கள் இன்பொக்ஸில் கேளுங்கள், அனுப்புகிறோம். ஹெட்செட்டின் முகவரியை மட்டும் மாற்றினால் போதும். குரலையும் மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் உங்கள் லெப்டொப்பும் எங்கள் பிள்ளையின் குரலில் உங்களை அதட்டும்.

அந்த உயர்தர மாணவனைப் பற்றியும் ஒரு வார்த்தை. இதை முடித்த பிறகு அவன் கணினி கூடத்தில் மற்ற லெப்டொப்களின் திரையை அணைத்துவிட்டு, ஓர்காவை மட்டும் கேட்டுக்கொண்டு வேலை செய்து பழகுகிறான். ஏன் என்று கேட்டோம். "அடுத்த பிழைய அவன் வந்து சொல்றதுக்கு முதல் நான் கண்டுபிடிக்கணும் சேர்" என்றான். இதுவரைக்கும் முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் பிள்ளைதான் முந்துகிறான்.